நாளைக்கு எத்தனை

சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்து கொக்கியில் மாட்டிவிட்டு உடையப்பன் தன் இடத்தில் நின்றுகொண்டார். வலப்பக்கம் கை கழுவும் தொட்டி, இடப்பக்கம் தட்டுகள் அடுக்கிய மேசை, நடுவே அவர், அவருடைய உள்ளங்கைக்குள் அந்த எஃகு எண்ணி. உள்ளே வருகிற ஒவ்வொரு பட்டாளத்தானுக்கும் பெருவிரலால் ஓர் அமுக்கு. டக். ஒன்று கூடும். வேலை அவ்வளவுதான். ஆப்கான் மலையடிவாரத்தில், மண் நிரப்பிய கம்பிக்கூடைகளை மதிலாக அடுக்கிய இந்த முகாமில், அந்நிய நாட்டுப் பட்டாளம் ஒன்று தினமும் எத்தனை வாய் சாப்பிட்டது என்று சொல்வதற்காக ராமநாதபுரத்து உப்பளத்திலிருந்து ஓர் ஆளை விமானம் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சண்டை முடிந்துவிட்டது என்று அவர்கள் அறிவித்த பிறகுதான் அவர் வந்தார். முடிந்த சண்டைக்கு எதற்கு இத்தனை வாய் என்று வந்த புதிதில் நினைத்ததுண்டு. யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற சுபாவம் இல்லை. டக். முதல் ஆள், செம்பட்டை மீசைக்காரன். டக், டக். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். அதற்குப் பிறகு வாசலில் வெயில் மட்டும் நின்றது. முன்பெல்லாம் வரிசை தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நீளும், பெருவிரல் மரத்துப்போகும், எதையும் நினைக்க நேரமிருக்காது. இப்போது ஓர் அமுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மனிதன் முழுதாக உட்கார்ந்து யோசிக்கலாம். அதுதான் தொல்லை. காப்பி இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டுபோன இடத்தில் சுவரில் சதுரமாக வெளுத்த தடம் தெரிந்தது. முடிவெட்டும் அறைக்குப் பூட்டு. வெங்காய லாரி வந்து நாளாயிற்று. தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் காலையில் லூர்துராஜ் அடுப்படிக்குள் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் அது உறைத்தது. லூர்துராஜ் தூத்துக்குடிக்காரன், தலைமைச் சமையல்காரன், எதையும் சிரிக்காமல் சொல்லமாட்டான், இதைச் சிரிக்காமல் சொன்னான். "அண்ணாச்சி, இன்னைக்கு மத்தியானச் சாப்பாடுதான் கடைசி. இருட்டுனதும் நம்மள வண்டியில ஏத்துதாவ. பின்னாலயே அவங்களும் கெளம்புதாங்க. விடிஞ்சா இங்க ஈ காக்கா இருக்காது. வெளியாளு யார்ட்டயும் மூச்சு விடக்கூடாதாம். எவன் வாயில இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாலும் அவனுக்கு வண்டியில எடம் கெடையாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு." பிறகு கரண்டியைத் தட்டு கழுவும் அறைப்பக்கம் நீட்டினான். "முக்கியமா அவன்ட்ட."

அவன் என்றால் ரஹ்மத். இந்த ஊர்க்காரன், தட்டு கழுவுகிறவன். அறைக்குள் தண்ணீர் சளசளக்கிற சத்தம் இப்போதும் கேட்டது, கூடவே மூக்கால் அவன் முனகுகிற ஏதோ பாட்டு. தினமும் காலையில் சைக்கிளில் வருவான். முகாம் வாசலில் கைகளை உயர்த்தி நின்று சோதனைக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, மத்தியானம் கடைசித் தட்டைக் கழுவியதும் வீட்டுக்குப் போவான். உடையப்பனின் ஓட்டை இந்தியும் அவனுடைய ஓட்டை இந்தியும் சேர்ந்து ஒரு முழுப் பாஷை ஆகியிருந்தது. அவரை அவன் காக்கா என்று கூப்பிடுவான். அவர்கள் பேச்சில் சித்தப்பனுக்கு அப்படிப் பெயராம். கேட்ட முதல் நாளே அவருக்கு உடம்பு இளகிப்போனது, கீழக்கரைப் பக்கத்துச் சாயபுமார் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால் ஊர்ச் சொல் ஒன்று தாடி வைத்துக்கொண்டு நிற்கிறதே என்று இருந்தது. டக். ஒருவன். டக். அவன் கூட்டாளி. எண்ணியைப் பார்த்து ரஹ்மத்துக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஈரத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடக்கும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திப் பட்டாளத்தான் மாதிரி நடந்து, "காக்கா, ஒன்று!" என்பான். அவர் அமுக்கமாட்டார். சீருடை போட்டவனுக்கு மட்டும்தான் என்பது உத்தரவு. வேலைக்காரர்கள் கணக்கில் இல்லை, அவரும் இல்லை. பெருநாளன்று அவன், "இன்றைக்காவது ஒரு தடவை" என்று கெஞ்சியபோதுகூட, "போடா, கணக்கு தப்பும்" என்று துரத்தினார். லூர்துராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரு தலைதான அண்ணாச்சி, கூடுனா ஒரு கோழிக்கால் மிச்சம், அவ்வளவுதான்." கணக்கு என்றால் கணக்குதான். உப்பளத்தில் கூடைக்கு ஒரு புளியங்கொட்டை தகரத்தில் போடுகிற வேலையிலிருந்து வந்தவர் அவர். ஒரு கொட்டை கூடினால் யாரோ ஒருத்தியின் இடுப்பு ஒரு கூடை கூடத் தூக்கியதாக ஆகிவிடும். பொய்யாகத் தூக்கவைக்கக்கூடாது. ஆனால் இருக்கிற ஆளை இல்லாத மாதிரி விடுவது? அதை ஏன் இப்போது யோசிக்கிறோம். டக். ரஹ்மத் வெளியே போகும்போது இன்னொன்று செய்வான். முகாம் வாசல் தாண்டியதும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குனிந்து, ஒரு பிடி மண் எடுத்து இரண்டு கைகளிலும் முழங்கைவரை தேய்த்துக்கொள்வான். முதலில் ஏதோ தொழுகைச் சடங்கு என்று நினைத்தார். பிறகுதான் சொன்னான். "இந்தச் சோப்பு எலுமிச்சை வாசம் அடிக்கிறது காக்கா. கடைத்தெருவில் வேறு எவன் கையிலும் இந்த வாசம் இல்லை. முகாமில் வேலை பார்க்கிறவன் யாரென்று மோந்து பார்க்கிறார்கள்." யார் மோந்து பார்க்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைத்தெரு. சாயங்காலமானால் அங்கே பட்டாளத்து வண்டிகூட நிற்பதில்லை.

டக், டக், டக். மூன்று பேர் தட்டோடு அவருக்குப் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்தார்கள். செம்பட்டை மீசைக்காரனும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டான். அவர்கள் பேசுவதில் பாதி புரியும், மீதியைக் கையும் முகமும் சொல்லும். கிழட்டு சார்ஜெண்ட் ஒருவன் சொன்னான், பெரிய சண்டை முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகும் நம் ஆட்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள், என் அப்பா இருந்தார், நான் இருந்தேன், அங்கே ஒன்றும் வெடிக்கவில்லை, ஏன், நாம் இருந்ததால். மீசைக்காரன் முள்கரண்டியை ஆட்டினான். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டி அமைதியாக இருக்கிறது என்கிறாய், கையை எடுத்துப் பார்த்தால்தானே தெரியும், நம் கையும் வேகிறது. அப்படியென்றால் என்றைக்கு எடுப்பது, என்றான் சார்ஜெண்ட். என்றைக்குமே எடுக்காதே, உன் பேரனையும் கூட்டிவந்து பிடிக்கச் சொல், என்றான் மீசைக்காரன், எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜெண்ட் மட்டும் சிரிக்கவில்லை, உடையப்பன் நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவர் வெளியே வெயிலைப் பார்த்தார். அதே பேச்சுதான். ஊரில் கேட்ட அதே பேச்சு, அவர் அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்தில், வேறு வேறு வாய்களில். கண்மாய் மடையைத் திறக்கிற தகராறில் பக்கத்து ஊரோடு வெட்டுக்குத்து ஆனபோது தெற்கேயிருந்து காவலுக்கு ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வேல்கம்பும் வல்லயமுமாக வந்திறங்கி ஊர்ப் பொட்டலான மந்தையில் குடிசை போட்டார்கள். தகராறு தீர்ந்தது, இரண்டு ஊரும் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணியாயிற்று. காவலை அனுப்பிவிடலாமே என்றால், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார் ஊர்த்தலைவர் அம்பலம். கொஞ்ச நாள் நாலு வெள்ளாமை ஆனது. அமாவாசைக்கு அமாவாசை கிடா கேட்டார்கள். குளிக்கிற துறையில் பெண்கள் நேரம் மாற்றிக்கொண்டார்கள். எப்ப தொலைவானுகளோ என்று பகலில் திட்டுவார்கள். ராத்திரி அவர்களுடைய செருப்புச் சத்தம் தெருவில் கேட்டால்தான் தூங்குவார்கள். போகணும், போயிரக்கூடாது. இரண்டும் ஒரே வாய்தான். டக். அப்பாவின் கூடப்பிறந்த பேச்சி அத்தைதான் அவர்களுக்குச் சோறாக்கினாள். அவள் விரும்பிக் கேட்ட வேலை இல்லை, மந்தைக்குப் பக்கத்து வீடு அவளுடையது, அவ்வளவுதான். ஒரு நாள் மத்தியானம் அவர்கள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், ரசம் நல்லாருக்கு என்றுகூட ஒருவன் சொன்னான். சாயங்காலம் அத்தை ராத்திரிச் சோற்றுக்குப் பெரிய பானையில் உலை வைத்தாள். உலை கொதித்தது. அரிசி களைந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை. மந்தையில் குடிசைகள் காலி. அன்றைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லா வீட்டுக்கும் போகவில்லை. நேராக அத்தை வீட்டுக்குத்தான் வந்தார்கள். மாமாவை வைக்கோல் போருக்குள் தள்ளி...

டக். டக். இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள், அமுக்கினோமா? அமுக்கினோம். எண் முப்பத்தெட்டு. நேற்று இந்நேரம் ஐம்பதைத் தாண்டியிருந்தது. கை வியர்த்து எண்ணி வழுக்கியது, வேட்டி இருந்தால் துடைத்துக்கொள்ளலாம், இந்தக் கால்சட்டைத் துணி எதையும் உறிஞ்சாது. அத்தை அதற்குப் பிறகு ரொம்ப காலம் இருந்தாள். நெருப்பு வைத்தவர்களை அவள் ஒரு நாளும் வைததில்லை. அவள் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், முற்றம் பெருக்கும்போதும் சொல்வாள், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் திடீரென்று சொல்வாள். "தின்னுட்டுப் போனவன்ல ஒருத்தனாச்சும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல." அத்தை இல்லாத இடத்தில் மட்டும் அப்பா சொல்வார், "சொல்லியிருந்தா அது ஊரெல்லாம் போயிருக்கும். அவனுக எல்லை தாண்டியிருக்க மாட்டானுக. ஓடைக்குள்ள வச்சு வெட்டியிருப்பாங்க. அவனுகளும் பிள்ளைகுட்டிக்காரனுகதானே." இரண்டும் சரி. அத்தையும் சரி, அப்பாவும் சரி. இரண்டு சரியையும் கூட்டினால் ஒரு தப்பு வருகிறது, அந்தத் தப்பு இப்போது தன் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முகாமிலிருந்து வெளியே போக ஒரே பாதைதான். அரை மைல் தள்ளி ஒற்றைப் பாப்ளார் மரம், அங்கே பாதை பிரியும். இடது கை போனால் ரஹ்மத்தின் ஊர். வலது கை போனால் பாலம், கடைத்தெரு, விமானத் தளத்துக்குப் போகிற சாலை. இருட்டியதும் நம் வண்டி அந்தப் பாலத்தின் மேல்தான் போகவேண்டும். வண்டிக்குள் லூர்துராஜ் இருப்பான், நேபாளத்துப் பொடியன்கள் ஆறு பேர் இருப்பார்கள், நான் இருப்பேன். பாலத்தடியில் ஒருத்தன் குண்டு வைத்து ஒரு கம்பியை இழுத்தால் போதும். ரஹ்மத் அப்படிச் சொல்லுகிற ஆளா? சொல்லமாட்டான். சொல்லமாட்டானா? கடைத்தெருவில் கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டால்? கத்தியே வேண்டாம். அவன் இடத்தில் நான் இருந்தால்? இத்தனை காலம் எலுமிச்சை வாசத்தோடு வாழ்ந்தவனுக்கு ஒரு சேதி கிடைக்கிறது, அந்தச் சேதியைக் கொடுத்தால் அவனையும் பிள்ளைகளையும் விட்டுவிடுவார்கள். நான் கொடுப்பேனா? உடையப்பன் தனக்குத் தானே கேட்ட கேள்வியிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டார். டக்.

ரஹ்மத் ஈரத் தட்டுகளோடு வந்தான். நெஞ்சை நிமிர்த்தினான், கால்களை உதைத்து நடந்தான். "காக்கா, ஒன்று!" அவர் பெருவிரல் அசைந்தது, அசைந்ததோடு நின்றது. "போ, போ." அவன் தட்டுகளை மேசையில் அடுக்கிவிட்டு, போகாமல் அவர் பக்கத்தில் வந்து நின்றான். "நாளைக்கு லைலுமாவைக் கூட்டி வருகிறேன்." லைலுமா அவனுடைய கடைசி மகள். "காதில் சீழ். ராத்திரியெல்லாம் அழுகிறாள். முகாம் டாக்டர் வியாழக்கிழமை கூட்டி வா என்றார். சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து அழைத்து வருவேன். நீங்கள் பார்த்ததே இல்லையே அவளை. உங்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். டக்டக் காக்கா என்று சொல்லி வைத்திருக்கிறேன்." நாளைக்கு வியாழன். நாளைக் காலையில் இந்த வாசலில் யார் நிற்பார்கள்? யாரும் நிற்கமாட்டார்கள், அல்லது நிற்பார்கள், பட்டாளம் போன மறுநிமிஷம் கடைத்தெருவிலிருந்து வந்துவிடுவார்கள். காலியான முகாமில் கிடைத்ததைப் பொறுக்க வந்தவர்கள் நடுவில் ஒருத்தன் சைக்கிளில் வந்து இறங்குவான், வழக்கப்படி கைகளை உயர்த்திக்கொண்டு, முன்னால் ஒரு குழந்தை. "காது வலிக்கு நல்லெண்ணெய்" என்றார் உடையப்பன், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல். "எண்ணெயெல்லாம் ஊற்றிப் பார்த்தாயிற்று காக்கா." அதே நேரத்தில் டாக்டர் வாசலில் வந்தார், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், எப்போதும் உடையப்பனுக்குத் தலையசைத்து வணக்கம் சொல்லுகிறவர். டக். ரஹ்மத் முகமெல்லாம் சிரிப்பாகத் தன் காதைத் தொட்டுக் காட்டி, குழந்தை உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினான். டாக்டர் நின்றார். ஒரு கணம், நல்ல மனிதர்தானே, சொல்லிவிடப் போகிறார், இந்தச் சுமையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று உடையப்பன் நினைத்தார். "நாளை" என்றார் டாக்டர். "ஆமாம். நாளை." பிறகு ஒரு தட்டை எடுத்து, அதில் எதுவோ ஒட்டியிருப்பது போல நகத்தால் சுரண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அன்றைக்கு உடையப்பனுக்கு அவர் தலையசைக்கவில்லை. ரசம் நல்லாருக்கு என்று சொன்னவனும் இப்படி ஒரு நல்ல மனிதனாகத்தான் இருந்திருப்பான்.

அதற்குப் பிறகு வந்தவர்களை அவர் கை எண்ணியது, அவர் எண்ணவில்லை. இவர்கள் இருக்கவேண்டுமா போகவேண்டுமா என்று யாராவது வந்து தன்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று ஓடியது. யாரும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் ஓடியது. வந்திருக்கவே வேண்டாம் என்று சொல்லலாம். வந்தாயிற்றே. இருந்தால் ரஹ்மத் மண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அவன் மகள்களும் தேய்க்கவேண்டும், என்றைக்கோ ஒரு நாள் மோந்து பார்க்கிறவன் கண்டுபிடிப்பான். போனால் நாளைக்கே. இருப்பது மெல்லக் கொல்லும், போவது ஒரேயடியாக. போவதிலும் ஒரு முறை இருக்கிறதல்லவா, விருந்தாளிகூடப் போயிட்டு வர்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறான். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. சார்ஜெண்ட் போகும்போது வாசலில் நின்று, உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். சூப்பர்வைசர் வந்தார், "எத்தனை?" என்றார். "எழுபத்தொன்று." தினமும் பேனாவை எடுத்து எழுதிக்கொள்கிறவர் வெறுமனே தலையை ஆட்டினார். தட்டு கழுவும் அறைப்பக்கம் கண்ணைக் காட்டி, உதட்டின் மேல் விரலை வைத்துவிட்டு நடந்தார். லூர்துராஜ் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, மூட்ட கட்டியாச்சா? என்ன இப்பிடி மொறச்சுப் பாக்கிய. வேண்டாம். நெனைக்காதீய. எனக்கும் ரெண்டு பிள்ள இருக்கு." அவருக்கு ரொம்பத் தெரிந்த குரலில்தான் சொன்னான். அப்பா குரல்.

கடைசித் தட்டும் கழுவியாயிற்று. ரஹ்மத் மேல்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் கைகளை உதறிக்கொண்டே வந்தான். எலுமிச்சை வாசம் அவனுக்கு முன்னால் வந்தது. அடுத்து, தினமும் நடக்கிற அந்த ஒன்று நடக்கவேண்டும். போவதற்கு முன்னால் அவன் கேட்பான், இவர் எண்ணியைத் திருப்பிக் காட்டுவார், அதில் என்ன எண் இருக்கிறதோ அத்தனை தட்டுகளை மறுநாளைக்கென்று எடுத்து மேசையில் அடுக்கித் துணி போட்டு மூடிவிட்டுப் போவான். இன்றைக்கு வந்த வாய்தான் நாளைக்கும் வரும் என்பது அவர்கள் இரண்டு பேரின் கணக்கு. எண்ணியைச் சுழியத்துக்குத் திருப்புவது மறுநாள் கதவைத் திறக்கும்போதுதான். கணக்கைக் கவிழ்த்துவிட்டுப் படுக்கக்கூடாது, உப்பளத்திலும் அப்படித்தான், புளியங்கொட்டைத் தகரத்தைக் காலையில் முதல் கூடைக்கு முன்னால்தான் கொட்டுவார்கள். கணக்கை அந்தியில் கொட்டினால் உப்பளத்தை மூடப்போகிறார்கள் என்று அர்த்தம். இதை ரஹ்மத்துக்கு அவர் ஒரு தடவை விளக்கியிருக்கிறார். எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில்தான் பாத்திரத்தை அப்படிக் கவிழ்ப்போம் என்று அவனும் சொன்னான். "காக்கா, நாளைக்கு எத்தனை?" அவன் தட்டுகளை எடுக்கக் கை நீட்டியபடியே கேட்டான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சூப்பர்வைசரின் முதுகு தெரிந்தது. அடுப்படியிலிருந்து லூர்துராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். உடையப்பன் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். வாயிலிருந்து வரக்கூடாது என்றுதானே சொன்னார்கள். அவர் எண்ணியைப் பார்த்தார், எழுபத்தொன்று. அதன் பக்கவாட்டில் இருக்கிற சின்னத் திருகைப் பிடித்தார். விரல்கள் வியர்வையில் வழுக்கின, கால்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தார், திருப்பினார். எண்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு ஓடி நின்றன. நான்கு சுழியங்கள். அதை ரஹ்மத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, கண்கள் மட்டும் போயின. காப்பி இயந்திரம் இருந்த வெளுத்த சதுரத்துக்குப் போயின, அணைந்த அடுப்புக்குப் போயின, திரும்பி அவர் முகத்துக்கு வந்தன. கையிலிருந்த தட்டை அவன் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தான், கவிழ்த்து வைத்தான். காக்கா என்று சொல்லவில்லை. வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தான், முகாம் வாசலில் கைகளை உயர்த்தினான், தடவிப் பார்த்து அனுப்பினார்கள். உடையப்பன் கதவின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இப்போது சைக்கிளைச் சாய்ப்பான், குனிவான். அவன் குனியவில்லை. ஒரு பிடி மண்கூட எடுக்காமல் ஏறி மிதித்தான். அவசரத்தில் மறந்துவிட்டானா, வீட்டுக்குத்தானே போகிறான், பிள்ளைகளை வாரிக்கொண்டு மலைப்பக்கம் போகவேண்டாமா, அதற்கு எது நேரம். அல்லது இனிமேல் மறைக்கவேண்டியதில்லை என்று ஆகிவிட்டதா, எந்த வாசத்தோடு போனாலும் கையில் கொண்டுபோகிற சேதிக்காக உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார்கள் என்றா. சைக்கிள் ஒற்றைப் பாப்ளார் மரத்தை நோக்கிச் சின்னதாகிக்கொண்டே போனது. மரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போனபோது தண்ணீர் லாரி ஒன்று முகாம் வாசலில் வந்து குறுக்கே நின்றது. அது நகர்ந்தபோது மரம் இருந்தது, தூசி இருந்தது, தூசி இரண்டு பக்கமும் பரவியிருந்தது. "அண்ணாச்சி," என்றான் லூர்துராஜ் பின்னாலிருந்து, "அவன்ட்ட என்னத்தக் காட்டுனிய?" உடையப்பன் திரும்பவில்லை. உள்ளங்கையில் நான்கு சுழியங்களும் அப்படியே இருந்தன. பெருவிரலை வைத்து, கணக்கு தப்பாமல், ஒரே ஒரு முறை அமுக்கினார். டக்.